சிவராமன் வீட்டு வேங்கை

"வேங்கை மேல செருப்புக் காலோட ஏறக் கூடாது சார்," என்றார் சிவராமன்.

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த அந்தத் திறந்த மாடியில் பலகை பதித்த நாளிலிருந்து இதுதான் சட்டம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சண்முகசுந்தரம் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். கூட வந்த கீழ்வீட்டு ஜமீலாவுக்கு பக்திக்கெல்லாம் நேரமில்லை. செருப்பை உதறிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இன்னா சார் இது, இந்த மாடிக்கு நேர் கீழ என் ஊட்டு ஹாலு. மழை பெஞ்சதுலேர்ந்து சீலிங்ல செவப்பா ஒழுவிக்கினு கீது. வெள்ளிக்கெழம என் பொண்ணப் பாக்க வர்றாங்க. அண்ணாந்து பாத்தாங்கன்னா அப்படியே போய்க்கினே இருப்பாங்க."

"அதுக்கு என் மாடி என்னம்மா பண்ணும்? இது காட்டுல அறுபது வருஷம் நின்ன மரம். கரையான் மோந்துகூடப் பாக்காது. வெயில்ல வெடிக்காது, மழையில ஊதாது. ஆணி அடிச்சா ஆணிதான் வளையும்."

இந்தச் சொற்பொழிவு அந்தக் குடியிருப்பில் கைக்குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால், வாழ்த்துக்குக் கீழேயே வேங்கையின் பெருமையையும் பதிவிடுகிறவர் சிவராமன்.

சண்முகசுந்தரம் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் இரும்போடு பழகி ஓய்வுபெற்றவர். மரம் அவருக்குப் புதிது.

"எல்லாப் பலகையிலயும் இந்த முடிச்சுக் கண்ணு ஒரே எடத்துல இருக்கே சார்?"

"ஒரே மரத்துல அறுத்தது சார். ஒழுங்கா வளந்த மரம்."

செயலாளர் தலையாட்டிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "'அசல் வேங்கைக்கு அடையாளம், தண்ணி பட்டா செம்பழுப்பா சாயம் விடும்.' போன மாசம் நீங்க குரூப்ல போட்டது."

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப அந்தம்மா வீட்டுக் கறை உங்க மரத்துச் சாயம். நீங்கதான் சரி பண்ணித் தரணும். இல்ல, உங்க பலகை சாயமே விடாதுன்னு சொல்லுங்க. அப்ப கான்கிரீட்டுக்குள்ள கம்பி துருப்பிடிச்சு ஒழுகுதுன்னு அர்த்தம். பில்டரைக் கூப்பிட்டு உடைச்சுப் பாக்கச் சொல்லலாம், அவர் செலவு. ஆனா அப்ப இது வேங்கை இல்ல. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

சிவராமன் மாடியை ஒரு சுற்றுப் பார்த்தார். மச்சினன் கௌதம் ஐயப்பன்தாங்கலிலிருந்து வேன் வைத்து சொந்தக்காரர்களை அழைத்துவந்து காட்டிய மாடி இது. வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை 'வேங்கை சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்று வருட மரியாதை ஒரே ஒரு 'இல்லை'யில் போய்விடும்.

"என் மரம்தான்," என்றார். கம்பீரமாகவே சொன்னார். "அசல் வேங்கைன்னா அப்படித்தான் சார். வியாழக்கிழமைக்குள்ள என் செலவுல பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்."

"நல்லா இருக்கணும் சார் நீங்க," என்றாள் ஜமீலா. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

"அப்ப பில்டரைக் கூப்பிட வேணாமா?"

"அவரை எதுக்கு சார் தொந்தரவு பண்ணிக்கிட்டு," என்றார் சிவராமன் பெருந்தன்மையோடு.

சண்முகசுந்தரம் எழுந்தார். போகிற போக்கில் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் சிவராமனின் மனைவி கார்த்திகா உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பலகையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, பிளாஸ்டிக் எப்படிங்க சாயம் விடும்?"