மானியத்துக்கு நாலு டோப்பா

“மாட்டினா மோசடி கேஸ், மாமா. உங்களோட சேர்ந்து நானும் கம்பி எண்ணணும்,” என்று முணுமுணுத்தபடியே மைத்துனன் பையைக் கவிழ்த்தான். நீளப் பின்னலோடு நாலு டோப்பாக்கள் மேசைமேல் விழுந்தன. அவன் நாடகக் கம்பெனி ஒன்றில் ஒப்பனைக்காரன்.

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு மாப்ளே,” என்றார் இளங்காளையர் மன்றத்தின் தலைவர்.

மன்றம்தான் அவருக்கு உயிர். கூடாரம் அடிப்பது, படகு விடுவது, கயிற்றில் ஏறுவது என்று சிறுவர்களுக்கு வீர விளையாட்டெல்லாம் சொல்லிக்கொடுக்கும் இடம். கட்டடம் நகராட்சி கொடுத்தது. படகும் கூடாரமும் நகராட்சி மானியத்தில் வந்தவை. ‘பெண் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை’ என்ற வாசல் பலகை மட்டும் தலைவர் தன் கையால் எழுதியது. இன்று காலைதான் அதைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தார்.

காரணம், நகராட்சி போட்ட புது விதி. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் எந்த அமைப்பும் ஆண் என்றோ பெண் என்றோ சொல்லி யாரையும் ஒதுக்கக் கூடாது. ஒதுக்கினால் மானியமும் போச்சு, கட்டடமும் போச்சு. சோதனை போட ஓர் அதிகாரியம்மா இன்று வருகிறார்.

“பேசாம நிஜமாவே நாலு பொண்ணுங்களைச் சேர்த்துட்டா என்ன மாமா?”

“பொண்ணுங்களா? கயித்தைக் கையில குடுத்தா ஊஞ்சல் கட்டுவாங்க. படகுல ஏத்தினா தலை சுத்துதும்பாங்க. நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது!”

அணிவகுத்து நின்றவர்களில் நாலு பேரைத் தலைவர் முன்னால் அழைத்தார். அதில் முதல் ஆள், படகுப் போட்டியில் கோப்பை வாங்கிக் கொடுத்த ‘மின்னல்’.

“மன்றத்தோட மானமே உங்க கையிலதான் இருக்கு. கொஞ்ச நேரம் நீங்க நாலு பேரும் பொண்ணா நடிக்கணும்.”

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்னலுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

“சார், வேணாம் சார். வேற யாரையாவது…”

“ஆம்பளைப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்னு எனக்குப் புரியுது கண்ணா. பல்லைக் கடிச்சுக்கோ.”

பாவாடையும் டோப்பாவும் ஏறின. தலைவர் இடுப்பில் கை வைத்து, ஒடிந்து ஒடிந்து நடந்து காட்டினார்.

“பொண்ணுங்கன்னா இப்படித்தான் நடப்பாங்க. பார்த்துக்கோங்க.”

“இப்படி யாருமே நடக்க மாட்டாங்க சார்,” என்றது ஒரு குரல்.

“உனக்கென்னடா தெரியும்? சொன்னதைச் செய்!”

அதிகாரியம்மா வந்துவிட்டார். டோப்பாக்காரர்கள் முன்வரிசையில். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்ட மற்றவர்கள் பின்வரிசையில்.

“இவங்கதான் எங்க மன்றத்துப் பெண் சிங்கங்கள்!” என்று தலைவர் பூரித்தார்.

“உன் பேர் என்னம்மா?” என்று அதிகாரி மின்னலிடம் கேட்டார். மின்னல் குனிந்த தலை நிமிரவில்லை.

“கூச்ச சுபாவம்,” என்றார் தலைவர் அவசரமாக.

மின்னலுக்கு உடம்பு உதறியது. உதறிய உதறலில் டோப்பா மெல்லச் சரிந்து காதில் வந்து தொங்கியது. அதிகாரி பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். டோப்பா அவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒட்ட வெட்டிய கிராப்பு.

தலைவர் பொத்தென்று முழங்காலில் விழுந்தார்.

“அம்மா, மன்னிச்சிடுங்க! எல்லாரும் பையன்கள்தான்! இந்த மன்றத்துல பேருக்குக்கூட ஒரு பொண்ணு கிடையாது. போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க. டோப்பா கொண்டுவந்தது இவன்தான்!”

“மாமா!” என்று அலறினான் மைத்துனன்.

அதிகாரி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மின்னலின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

“ஏண்டி, பாட்டு கிளாசுக்குப் போறேன்னுதானே தினமும் வீட்டுல என்கிட்ட சொல்லிட்டு வர்றே?”

“இங்க பொண்ணுங்களைச் சேர்க்க மாட்டாங்கம்மா,” என்றாள் மின்னல் அழுகையை அடக்கிக்கொண்டு. “எனக்குப் படகு விடணும்னு ஆசை. அதான் தலையில பேன்னு பொய் சொல்லி முடியை வெட்டிக்கிட்டேன்.”

மற்ற மூன்று டோப்பாக்களும் தாமாகவே கழன்றன. “நாங்களும்தான் சார்,” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

“அதானே பார்த்தேன்! பாவாடை இவ்வளவு பாந்தமா இருக்கேன்னு!” என்றான் மைத்துனன்.

தலைவர் முகத்தில் விளக்கு எரிந்தது. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“அப்போ நாங்க விதியை மீறவே இல்லையேம்மா! முன்னாடி பொண்ணுங்க, பின்னாடி பையன்கள். எல்லாரும் சமம்! மானியம் உண்டுதானே?”

அதிகாரி பின்வரிசைக்குப் போனார். ஒவ்வொரு தொப்பிக்கும் கீழே குனிந்து பார்த்தார். ஒவ்வொருவர் காதிலும் ஏதோ கேட்டார். திரும்பி வந்தபோது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மன்னிக்கணும் சார், ஆண் பிள்ளை ஒருத்தனைக்கூடச் சேர்த்துக்காத மன்றத்துக்கு மானியம் குடுக்க விதியில இடமில்லை.”