வலைநூல் சட்டம்

பெரிய கப்பல் ஒன்று தோணி, வள்ளம், ஓடம் மூன்றையும் ஒரே வடத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போனது. அவை பிடித்த மீனெல்லாம் கப்பலுக்கு. அது திரும்பும் திசைதான் அவற்றுக்கும் திசை. ஒருநாள் மூன்றும் சேர்ந்து வடத்தை அறுத்தன.

"இனி நமக்குள்ளே ஒரு கட்டு வேண்டுமே" என்றது தோணி.

வள்ளத்தின் முகப்பில் வடம் உராய்ந்த தழும்பு இன்னும் மறையவில்லை. "வடம் என்ற பேச்சே வேண்டாம். வலைநூலால் கட்டிக்கொள்வோம். யாருக்கு மனமில்லையோ, ஓர் இழுப்பில் அறுத்துக்கொண்டு போகட்டும்."

அதுவே சட்டமானது.

வாடைக்காற்று சீறி வந்த அன்று, நூல் சட்டப்படியே ஓர் இழுப்பில் அறுந்தது. அலை அடங்கியபோது ஓடத்தைக் காணோம். அதன் துடுப்பு மட்டும் மிதந்து வந்தது.

பிறகு தோணி, தன் அடியில் போட்டு வைத்திருந்த அந்தப் பழைய வடத்தை வெளியே எடுத்தது.

வள்ளம் கொஞ்சம் பின்வாங்கியது. "மறுமுனை யாரிடம் இருக்கும்?"

"ஒரு முனை உன்னிடம், ஒரு முனை என்னிடம்."

வள்ளம் மிதக்கும் துடுப்பைப் பார்த்தது.

"கட்டு. ஆனால் முடிச்சை என் கண் முன்னால் போடு."