நாலாம் வாய்

இலையில் சோறு விழுந்ததும் நிஷாந்தினி மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். மூன்று வாய் வரைக்கும் பயமில்லை. நாலாம் வாய்க்கு அவளுக்குத் தும்மல் வரும்.

ஒன்றல்ல, வரிசையாக ஏழு.

ஐந்து மாதத்துக்கு முன் அவள் இரைப்பையைச் சுருக்கும் ஒப்பரேஷன் செய்துகொண்டவள். தலைமயிர் கொட்டும் என்று டொக்டர் முன்கூட்டியே சொன்னார், கொட்டியது. குளிரும் என்றார், கொழும்பு வெயிலிலும் குளிர்ந்தது. வயிறு நிரம்பினால் அதை மூக்குத்தான் வந்து அறிவிக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. போய்க் கேட்டதற்கு, சிலருக்கு அப்படியும் வரும் என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் தெரிந்தது புருஷன் பிரதீஸுக்கு மட்டும். மற்ற ஆட்களுக்கு அது பித்தப்பைக் கல் ஒப்பரேஷன்.

பிறகு உடம்பு மளமளவென்று இறங்கியது. என்ன செய்கிறாய் என்று மாமியார் பாலேஸ்வரி கேட்டபோது, அடுப்படியில் கண்ணில் பட்ட போத்தலைப் பார்த்து, "வெந்தயத் தண்ணி குடிக்கிறன் மாமி" என்று சொல்லித் தொலைத்தாள்.

அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரைக்கும் சொந்தக்காரர் அத்தனை பேரும் விடிய எழும்பி வெந்தயத் தண்ணி குடித்தார்கள். இது உங்களுக்கு என்ன விரதம் என்று மூலைக் கடை முதலாளி விசாரித்தாராம். மூன்று மாதமாய் முகத்தைச் சுளித்துக் குடித்தும் ஒருவருக்கும் ஒரு கிலோ குறையவில்லை. இப்போது உண்மை வெளிப்பட்டால், குடித்தவர்கள் எல்லாரும் போத்தலோடு அவள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

எடை குறைந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். தூரத்துச் சொந்தமான அருந்ததி அன்ரிக்கு. அன்ரி பாதி ஆளாகிவிட்டா.

நிஷாந்தினிக்கு ஆற்றாமையாக இருந்தது. அவள் வயிற்றை வெட்டிக்கொண்டு படுகிறாள், அன்ரியோ வெறும் வெந்தயத் தண்ணியைக் குடித்துவிட்டு ஒய்யாரமாகத் திரிகிறா.

மெலிந்ததோடு அன்ரிக்குத் திமிரும் ஏறிவிட்டது என்றுதான் எல்லாரும் கதைத்தார்கள். முன்பெல்லாம் எந்தக் கலியாணத்திலும் முதல் பந்தியில் முதல் இலை அவவுடையது. இப்போது, பரிமாறச் சம்பளத்துக்கு ஆள் நிற்க, அவர்களின் கையிலிருந்து வாளியைப் பறித்துக்கொண்டு பந்தி முழுக்க அதட்டித் திரிகிறா. அதை மிச்சம் விடாதை, இதை ஏன் ஒதுக்கிறாய், வடையைத் தின்.

இன்றைக்கும் அப்படித்தான். பிரதீஸின் சித்தப்பா மகனுக்குக் கலியாணம். மண்டபத்தின் அந்தக் கரையில் அன்ரியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

நிஷாந்தினி முதல் வாயை இருபத்தைந்து தரம் மென்றாள். இரண்டாவது. மூன்றாவது. பிறகு சோற்றைக் குழைத்து, கத்தரிக்காயை இடம் மாற்றி, பப்படத்தை நொறுக்கி, சாப்பிடுவது போல இலையில் விளையாடினாள்.

"என்ன பிள்ளை கோழி மாதிரிக் கிளறுறாய்? வாயில வை" என்று பக்கத்து இலையிலிருந்து மாமியார் சொன்னா. சொன்னதோடு தன்னுடைய வடையையும் தூக்கி அவள் இலையில் வைத்துவிட்டு, தின்னும் வரை பார்த்துக்கொண்டிருந்தா.

வேறு வழியில்லை. நாலாம் வாய் உள்ளே போனது.

ஏழு தும்மல். கடைசித் தும்மலுக்குள் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எதிரில் இருந்தவள் ஹம்சிகா, பிரதீஸின் மச்சாள், ரொறன்ரோவில் தாதி. அவள் நிஷாந்தினியின் இலையைப் பார்த்தாள். தொடாத தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, எங்கட ஆஸ்பத்திரி வோட்டிலயும் இப்பிடித்தான் தண்ணியைத் தொடாமல் மெண்டு மெண்டு சாப்பிடுற ஆக்கள் இருக்கினம். சாப்பிட்ட உடன தும்முவினம். அவைக்கு என்னெண்டால்…"

டங்கென்று ஒரு கரண்டி மேசையில் விழுந்தது. அருந்ததி அன்ரி நின்றுகொண்டிருந்தா.

"பரிமாற ஆள் காணாமல் நான் ஓடித் திரியிறன். வீட்டு மருமகள் முதல் பந்தியில இருந்து வெட்டிக்கொண்டிருக்கிறா. எழும்பு."

பதிலுக்கும் காத்திராமல் அவளுடைய இலையைத் தானே மடித்துவிட்டா.

மேசையே வெடித்தது. சாப்பிடுகிற பிள்ளையை இலையிலிருந்து எழுப்புகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று பாலேஸ்வரி கேட்க, மெலிந்த கொழுப்பு என்று இன்னொரு குரல் சொல்ல, ஹம்சிகாகூடச் சொல்ல வந்ததை மறந்துவிட்டு, யார் இந்த அன்ரி என்று விசாரிக்கத் தொடங்கினாள். தும்மலை ஒருவரும் நினைக்கவில்லை.

அன்ரி அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம், சோற்றுக் கிடாரங்களுக்கு நடுவில் நிறுத்தினா. நிஷாந்தினிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால்.

"என்னத்துக்கு மூக்கை உறிஞ்சுறாய்? இந்தா, பாயாச வாளியைப் பிடி. பரிமாறுறவளிட்டை ஒருத்தரும் சாப்பிட்டியோ எண்டு கேக்கமாட்டினம்."

நிஷாந்தினி வாளியை வாங்கிக்கொண்டாள்.

அன்ரி ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"உனக்குத் தும்மல், எனக்கு விக்கல். நானும் அதைச் செய்து நாலு மாசம், பிள்ளை. நல்ல காலம், நீ வெந்தயம் எண்டு சொல்லி வைச்சாய்."