பலகையில் ஆறு கோடு

“தலைமேல பென்சிலை வச்சு கோடு போட்டான்யா. நம்ம நீலாவை அளந்துட்டான்.”

பிள்ளையோடு வீட்டுக்குள் நுழைந்ததுமே கெங்கம்மா புருஷனிடம் சொன்னாள். லோகநாதன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, பிசையவும் இல்லை. திருவொற்றியூரில் புதிதாக எழும்பும் தொழிற்சாலைப் புகைபோக்கியில் அவன் கொத்தனார். அதைக் கட்டும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அவள் வீட்டு வேலை செய்கிறாள்.

அந்தப் புகைபோக்கி இரண்டு தடவை விரிசல் விட்டிருந்தது. அது பலி கேட்கிறது, சின்னப் பிள்ளையாகத் துரை தேடுகிறான் என்று ஒரு மாதமாக எண்ணூர் வரைக்கும் பேச்சு. லோகநாதன் அதைக் கேட்டுச் சிரித்தவன்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

“எதுல அளந்தான்?”

“அவன் ரூம்புல ஒரு பலகை கீதே, ஊர்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது. செவுத்துல சாத்தி வச்சிகீறான். அதுல நிக்க வச்சான். வயசு இன்னான்னு கேட்டான், ஆறுன்னேன்.” அவள் குரல் இறங்கியது. “அதுல முன்னாடியே அஞ்சு கோடு கீதுய்யா.”

நாலு மாதமாக அந்தப் பலகையைத் தினமும் அவள்தான் துடைக்கிறாள். ஏதோ தச்சன் போட்ட அளவு என்று நினைத்திருந்தாள். இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி, படிக்கட்டு மாதிரி ஏறிப் போகும் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவன் பாஷையில் ஏதோ எழுத்து. துரை தனி ஆள். பெண்டாட்டி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. அப்படியென்றால் அந்த அஞ்சும் யார் பெற்ற பிள்ளைகள்?

அவர்கள் தெருவில் ஆளை அளப்பது ஒரே ஒரு தடவைதான். செத்த பிறகு, குழி வெட்டுகிறவனுக்காக.

“நீ இன்னாமே பண்ணே?”

துரை வேலைக்குக் கிளம்பிப் போனதும், தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்து ஆறு கோட்டையும் எழுத்தையும் வெள்ளை மரம் தெரியத் தேய்த்துவிட்டதாகச் சொன்னாள். அளவு அழிந்தால் பிள்ளை பிழைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

லோகநாதன் கை கழுவினான். புழலில் அவன் அக்கா வீடு இருக்கிறது. வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்றான். அவள் இருந்த நாலு பாத்திரத்தைப் பழம்புடவையில் கட்டினாள். நீலா மட்டும் துரை கொடுத்த பிஸ்கோத்தைக் கடித்தபடி, தான் எவ்வளவு உயரம் என்று கதவோரம் நிமிர்ந்து நின்று காட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

துரை. தலையில் தொப்பி இல்லை. கக்கத்தில் அந்தப் பலகை.

கெங்கம்மா பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள். லோகநாதன் சாந்து பூசும் கரணையைக் கையில் எடுத்தான். எடுத்தானே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

துரை அவர்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பலகையைப் பிள்ளையைக் கிடத்துவது போலத் தரையில் கிடத்தினான். வெளுத்த மரத்தை விரலால் மேலிருந்து கீழே தடவினான். பிறகு, புகைபோக்கிச் சாரத்தில் கூலியாட்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் மெதுவாகப் பேசினான்.

“என் பொண்ணு. பொறந்த நாளுக்கு ஒரு கோடு, எங்க ஊர்ல அப்டித்தான். அஞ்சு வந்துச்சு. ஆறு வரல.”

முந்தானைக்குள்ளிருந்து நீலா எட்டிப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கெங்கம்மாவிடம் நீட்டினான்.

“நீ தெனம் தொடச்ச பலகை. கோடு எங்கெங்க இருந்துச்சு, கொஞ்சம் போட்டுக் காட்டு, கெங்கம்மா.”