ஃபைலை மூடும்மா

"ஏம்மா, மறுபடியும் நீதானா? ஃபைலை மூடும்மா! வீட்டுக் கதவையும் இப்படித்தான் திறந்து போட்டுட்டு வருவியா?"

"சாரி சார். இதோ மூடிடுறேன்."

டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் போனை வைத்தாள். காலையிலிருந்து அவளிடம் யாராவது பேசினார்கள் என்றால், அது இந்தத் திட்டு மட்டும்தான்.

அங்கே செய்யும் பம்ப்பின் ஒவ்வொரு பாகமும் அளவில் மயிரிழை கூடும், குறையும். எல்லாம் சேர்ந்தால் மூடி பொருந்துமா, உரசுமா என்று கணக்குப் போடும் டாலரன்ஸ் மாடல் என்ற கம்ப்யூட்டர் ஃபைல் ஒன்றே ஒன்றுதான். டிசைன் பிரிவுக்கும் பின்கட்டடத்து அசெம்பிளிப் பிரிவுக்கும் அது பொது. ஒருவர் திறந்து வைத்திருந்தால் அடுத்தவர் உள்ளே போக முடியாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

அவளோ திறந்துவிட்டு மறந்துவிடுவாள்.

"அசெம்பிளி சார் தினமும் கத்துறாராமே?" என்றார் மேனேஜர். "உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை. ஞாபகம் இருக்கட்டும்."

அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது?

கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினாள்.

"அண்ணா, நான் மறந்தாலும் ஃபைல் தானா மூடிக்கிற மாதிரி செய்ய முடியுமா?"

"எதுக்கும்மா? போன மாசமே மாத்தியாச்சே. இப்ப எத்தனை பேர் வேணும்னாலும் ஒரே நேரத்துல திறக்கலாம். உள்ள யார் இருக்காங்கன்னு பேர் மட்டும் தெரியும்."

"அது அசெம்பிளி சாருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? நான்தானே நேர்ல போய்ச் சொல்லிக் கொடுத்தேன்!"

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் வேண்டுமென்றே வதைக்கிறாரா? நேரிலேயே கேட்டுவிடுவது என்று பின்கட்டடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

அசெம்பிளி அறைக் கதவு திறந்திருந்தது. புதுத் தொழிற்சாலைக்கு மாற்றலாகிப் போனவர்களின் மேசைகள் உறை போட்டுக் கிடந்தன. கடைசி மேசையில் ஒரே ஒருவர். முன்னால் திறக்காத டிபன் பாக்ஸ், கைக்கெட்டும் தூரத்தில் போன்.

அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, குழாயையும் இப்படித்தான் திறந்து விட்டுட்டு வருவியா?... ம்ஹூம், இது போன வாரமே சொல்லியாச்சு. ஏம்மா, குடையை..."

அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

மேனேஜர் வழிமறித்தார். "கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனியாமே? ஃபைல்ல ஏதாவது கோளாறா? சொல்லு, உன் மேல தப்பில்லைன்னா நானே அவர்கிட்ட பேசறேன்."

"கோளாறு எதுவும் இல்ல சார். என் கவனக்குறைவுதான்."

"இப்படியே போனா உனக்குத்தான் கஷ்டம்" என்று முகத்தைச் சுளித்துவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் காலை இருக்கையில் உட்கார்ந்ததும், முதல் வேலையாக அந்த மாடலைத் திறந்து வைத்தாள். போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

அது அடித்தது.

"ஏம்மா, மறுபடியும் நீதானா?"

"ஐயோ, இன்னிக்கும் மறந்துட்டேன் சார்" என்றாள். "சாப்பிட்டீங்களா?"