பின்னிரு கைகள்

விண்வெளிக்கதை ரசிகர்கள் கூடும் திருவிழாவுக்கு இளம்பரிதி ஆறு வருடங்களாக நாலுகை வேற்றுக்கிரகவாசியாகவே வருகிறான். முன்னிரு கைகள் அவனுடையவை. அவன் முதுகோடு ஒட்டி நின்று மற்ற இரண்டையும் நீட்டுபவள் ஜெசிந்தா. இந்த வருடம் ஊரடங்கு. திருவிழா கணினித் திரைக்கு வந்துவிட்டது; ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு சிறு கட்டம். அவள் வேறு ஊரில், காய்ச்சலோடு தனியறையில் இருந்தாள்.

"கை ரெண்டும் நல்லாத்தான்டா இருக்கு. நான் வரேன்" என்றாள்.

அவனுடைய கட்டத்தை ஒட்டிய கட்டத்தில், கறுப்புத் துணிக்கு முன்னால், பச்சை உறை போட்ட இரண்டு கைகள் மிதந்தன. ஒத்திகையில் கச்சிதமாகப் பொருந்தின.

வேடப்போட்டி தொடங்கியதும் நடுவர் கேட்டார், "தம்பி, மத்த ரெண்டு கை எங்க?"

"என் பக்கத்துலயே இருக்கே சார்."

"எனக்கு மேல் வரிசையில, ஒரு ரோபோ பக்கத்துல இருக்கு."

ஒவ்வொருவர் திரையிலும் கட்டங்களின் வரிசை வேறு என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். பச்சை விரல்களும் சேர்ந்து ஆடின. பிறகு, குரல் வரும் கட்டத்தின் ஓரம் மஞ்சளாக ஒளிர்வதுபோல் அந்தக் கட்டத்தின் ஓரமும் ஒளிர, இருமல் கேட்டது. கைகள் கீழே இறங்கின. கறுப்புத் துணியைச் சுற்றி மஞ்சள் எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது, அப்புறம் எரியவில்லை.

"நல்லா நடிக்கிறாங்க" என்றார் நடுவர்.

வேடம் போட்டபின் இளம்பரிதி ஒருநாளும் பின்னால் திரும்பியதில்லை. இப்போது திரும்பினான். நாற்பது திரைகளிலும் அவன் முதுகு தெரிந்தது. அங்கியில், அவள் கை நுழைய வெட்டிய இரண்டு ஓட்டைகள்.