மண்சத்துப் போத்தில்

“ஓம் அக்கா, இதுவும் மண்ணிலயிருந்து எடுக்கிற சத்துத்தான். ஆனா மிளகாய்க் கண்டுக்கு. மனுசருக்கில்லை.”

வடிவம்மா அக்கா கேட்ட மாதிரித் தெரியேல்ல. என்ர உரக்கடைத் தட்டில இருந்த கறுப்புப் போத்திலையே பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு பைக்குள்ளயிருந்து ஒரு குட்டிப் போத்திலை எடுத்து மேசையில வைச்சா. அடியில கொஞ்சம் கறுப்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மிச்சம் வெறும் போத்தில்.

“ரெண்டும் ஒரே நிறம். ரெண்டிலயும் மண்சத்து எண்டுதான் போட்டிருக்கு. பேந்தென்ன?”

“நிறத்தைப் பாத்தா மண்ணெண்ணெயும் தண்ணி மாதிரித்தான். குடிக்கலாமே அக்கா?”

“பகிடி விடாத தம்பி. எனக்கு நெஞ்சு பதைக்குது.”

விசயம் இதுதான். அவவின்ர மனுசன் வீரகத்தி அண்ணைக்குக் கிட்னி வருத்தம். வவுனியாவில கிளினிக். ஆரோ புளியங்குளத்தில கூட்டம் வைச்சு இந்தக் குட்டிப் போத்திலை வித்திட்டுப் போயிருக்கினம். காட்டு மண்ணில இலை குழை உக்கி உக்கி வாற சத்தாம். களைப்புப் போகுமாம், ரத்தம் சுத்தமாகுமாம், கிட்னியைக் கழுவி விடுமாம். இப்ப போத்தில் முடிஞ்சுது. வித்தவையின்ர ஃபோனுக்குத்தான் சத்துக் காணாது, எத்தினை தரம் அடிச்சாலும் வேலை செய்யுதில்லை.

“டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?”

“சொன்னா ஏசுவார்.”

“ஏசுவார் எண்டு தெரிஞ்சுகொண்டே குடுத்தனீங்கள்?”

அவவுக்குக் கண் கலங்கிட்டுது. “வேற என்ன செய்ய? கீரை கூடாதாம். இளநி கூடாதாம். வாழைப்பழம் கூடாதாம். சத்துள்ளதெல்லாம் கூடாதெண்டா அந்த மனுசன் எதில எழும்பி நடக்கிறது?”

நான் கொஞ்சம் தணிஞ்சன். “அக்கா, நல்ல மண்ணில விளைஞ்ச பயறு, கீரை, கிழங்கு... மண்ணின்ர சத்து எங்களுக்கு வாற வழி அதுதான். அண்ணையின்ர கிட்னிக்கு அதையே அளந்துதான் குடுக்கச் சொல்லுறாங்கள். நீங்கள் மண்ணையே கரைச்சு ஊத்துறியள்.”

“ஊத்தித்தானே சுகம்! போன கிளினிக்கில ரத்தத்தில உப்புக் கூடேல்ல எண்டு சொன்னவை. ஒவ்வொரு நாளும் காலமை கரைச்சுக் குடுப்பன். கிணத்தடிக்குக் கொண்டுபோய் நிண்டுதான் குடிப்பார். கைச்சு முகம் கோணுறதை நான் பாக்கக் கூடாதாம். நீ தராட்டி விடு, நான் கிளிநொச்சியில வாங்குவன்.”

வாங்குவா. கிளிநொச்சிக் கடைக்காரனுக்கு வீரகத்தி அண்ணையைத் தெரியாது. எத்தினை ஏக்கர் மிளகாய் எண்டு கேட்டிட்டுப் பெரிய அஞ்சு லீற்றர் கானாக் குடுத்து விடுவான்.

“அண்ணை எங்க?”

“வெளியில ஓட்டோவுக்குள்ள. அவரிட்ட ஒண்டும் சொல்லிப்போடாத. பயந்திடுவார்.”

“சின்னப் போத்தில் ஸ்ரோரில கிடக்கோ பாத்திட்டு வாறன்” எண்டு பின்பக்கத்தால வெளியில போனன்.

நல்லா ஏச வேணும் எண்டுதான் போனனான். விவரம் தெரிஞ்ச மனுசன், மனுசி எதைக் கரைச்சுக் குடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறதோ?

வீரகத்தி அண்ணை நல்லா மெலிஞ்சுபோய் ஓட்டோவுக்குள்ள சாய்ஞ்சிருந்தார். மடியில ஒரு சொப்பிங் பாக்.

“அண்ணை, எவ்வளவு காலமா உந்த நஞ்சைக் குடிக்கிறியள்?”

அவர் கடைப்பக்கம் ஒருக்கா எட்டிப் பாத்தார். பிறகு பாக்கைத் திறந்து காட்டினார். கத்தரிக்காய். பளபளவெண்டு, ஒவ்வொண்டும் என்ர கை அளவு தடிப்பு. இந்த வெயிலுக்கு ஊரெல்லாம் கத்தரி இலை சுருண்டு சாகுது.

“கிணத்தடியில ஒரு கண்டு நிக்குது. காலமையில அதுதான் குடிக்கிறது. இந்தா, உனக்கெண்டுதான் கொண்டந்தனான்.”

எனக்குச் சிரிப்பும் வந்துது, கோவமும் வந்துது. “குடிக்கேல்ல எண்டு அக்காவிட்டச் சொல்லுறதுதானே? உந்தப் போத்திலாலதான் நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டு அவா நம்பிக்கொண்டு நிக்கிறா.”

“கிளினிக்கில தாற குளுசை மருந்தை நான் ஒரு நேரமும் விடுறேல்ல தம்பி.” குரலைத் தணிச்சார். “உந்தப் போத்தில் எனக்கில்லை. அவ விடிய விடிய முழிச்சிருந்து, எனக்கு மூச்சு வருதோ எண்டு மூக்கில கை வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தவ. நான் நித்திரை மாதிரிக் கிடப்பன். உது வந்த பிறகுதான் மனுசி குறட்டை விடுறா.”

நான் கத்தரிக்காய்ப் பாக்கை வாங்கிக்கொண்டன்.

“கிடந்தா ஒண்டு குடுத்து விடு” எண்டார். “கத்தரியும் பழகிப்போட்டுது.”

“உதை வீட்டில வைச்சிருக்கிறது வில்லங்கம் அண்ணை. ஒரு நாளைக்கு அவா பாத்துக்கொண்டு நிக்கேக்க குடிக்க வேண்டி வரும். குடிச்சாலும் பிழையில்லாத சாமான் ஒண்டு தாறன். ஆனா வாற கிளினிக்கில எல்லாத்தையும் டொக்டரிட்டச் சொல்ல வேணும்.”

“யோகு!” உள்ளயிருந்து வடிவம்மா அக்கான்ர குரல். “கிடக்கோ, இல்லையோ?”

“கிடக்கக்கா! வாறன்!”

கடைக்குப் பின்னாலதான் எங்கட வீடு. போற வழியில குசினிக்குள்ள எட்டிப் பாத்து என்ர மனுசியைக் கூப்பிட்டன்.

“சுகந்தினி, வெறுந்தேத்தண்ணி ஒண்டு ஊத்தும். சீனி வேண்டாம். கன்னங்கரேலெண்டு சாயம் இறங்க வேணும். ஆற வைச்சு ஒரு குட்டிப் போத்திலுக்குள்ள விடும்.”

“ஆருக்கப்பா?”

“வடிவம்மா அக்காவுக்கு. நித்திரை வாறதுக்கு.”